பெட்டிச் சாவி யார்ட்டலே இருக்கு?

வா மருமவனே, செருப்பைத் திண்ணைக்குக் கீழ போட்டுட்டு இப்பிடி உக்காரு. நேத்து ராத்திரி வந்ததும் வராததுமா "பாம் வாங்கணும் மாமா, எதை வாங்கன்னு தெரியல"ன்னு சொன்ன பாரு, அடுப்படியில நின்ன உங்க அத்தை "பாம்பா, எங்ஙன?"ன்னு தென்னமட்டையைத் தூக்கிட்டு ஓடியாந்துட்டா. அவளுக்கு வெளங்க வச்சுப் படுக்கப் போகையில மணி பதினொண்ணு. பிரிவிலேஜ்டு ஆக்சஸ் மேனேஜ்மென்ட்டு! சொல்லி முடிக்கதுக்குள்ள வெத்திலைச் சாறு வேட்டியில வழிஞ்சுரும். நான் சாவிப்பெட்டின்னே சொல்லிக்கிடுதேன். சர்வருக்கெல்லாம் பெரிய சாவி வச்சிருக்கவன்ட்ட இருந்து சாவியைப் பிடுங்கிப் பூட்டி வைக்க ஒரு பெட்டி. கேக்கும்போது எடுத்துக் குடுத்து, யாரு எதுக்கு எடுத்தான்னு எழுதி வச்சு, வேலை முடிஞ்சதும் பூட்டையே மாத்திப் போடுத பெட்டி. அம்புட்டுத்தானே?

அந்தப் பட்டியலைத் தெற. ஆத்தாடி! மேல இருந்து கீழ 62 வரி, பக்கவாட்டுல 7 கம்பெனி, எல்லாத்துலயும் பச்சை டிக். உங்க ஆஸ்பத்திரியில இருக்கதே 9 அட்மின். எல்லாருக்கும் எல்லாத்துலயும் டிக்குன்னா இதைப் பள்ளிக்கூடத்து ஆஜர் பட்டியல்னு சொல்லு. யாரு நிரப்புனா? அந்தந்தக் கம்பெனிக்காரனேவா? பேஷ். மாட்டுத் தாவணியில தரகன்ட்டயே "இது முட்டுமா, ஏர்ல படுத்துக்கிடுமா"ன்னு கேட்டு எழுதிட்டு வந்திருக்க. உனக்கு எம்.டி. வருஷா வருஷம் சம்பளம் ஏத்துதாருன்னா அவரு மகா தர்மவான்.

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, ஒத்துக்கிடுதேன். ஆனா முப்பத்தோரு வருஷம் ஒரு கூட்டுறவு சங்கத்துல நகைக்கடன் பெட்டகத்துச் சாவி என் அரைஞாண்ல கெடந்தது. எந்தச் சங்கம்னு கேக்காத. இரட்டைச் சாவி. என்ட்ட ஒண்ணு, காசாளர்ட்ட ஒண்ணு. ரெண்டும் சேந்தாத்தான் கதவு தெறக்கும். என்ன அழகான சட்டம்! நம்ம காசாளர் வீடு நாலு மைலு தள்ளி. களையெடுப்பு, அறுப்புன்னு வந்துட்டா மனுசன் தலையே தெரியாது. ஒருநா, "அண்ணாச்சி, இதையும் நீரே வச்சுக்கிடும்"னு நீட்டுனாரு. பதினோரு வருஷம் ரெண்டு சாவியும் என் இடுப்புலதான். தணிக்கைக்காரர் வந்தாருன்னா, வெத்திலைப் பொட்டலத்துக்குள்ள காசாளரு சாவியை வச்சு மடிச்சு "இந்தாரும், போடும்"னு நீட்டுவேன். காசாளரு ஒரு வெத்திலையை வாயில ஒதுக்கிட்டு, தன் மடியில இருந்து எடுக்காப்பல சாவியை எடுத்துப் பவ்யமா முன்னால வைப்பாரு. "இரட்டைப் பொறுப்பு முறை சரிவரப் பின்பற்றப்படுகிறது"ன்னு தணிக்கைக்காரரு வருஷாவருஷம் எழுதிட்டுப் போவாரு. நகையில ஒரு குண்டுமணி கொறையல, அது என் நல்ல குணம். பெட்டகத்துக்கு அதுல பங்கு கிடையாது.

உன் பட்டியல்ல 14-வது வரி என்ன? "ரெண்டு பேர் ஒப்புதல்." ஏழு பேருக்கும் டிக். ராத்திரி ரெண்டு மணிக்கு அந்த ரெண்டாவது ஆளு எந்திரிச்சுப் படிச்சுப் பாத்து ஒப்புதல் குடுப்பானா, இல்ல வெத்திலைப் பொட்டலந்தானா? அதுக்கு உன் பட்டியல்ல கட்டமே இல்லியே.

என்னத்தையோ போன்ல அமுக்குன இப்ப. ஆபீஸ் சமாச்சாரமா? சரி, சரி. முறுக்கு எடுத்துக்க.

சாவி ஒரே ஆள்ட்ட இருந்தா என்னாகும்ங்கதுக்கு அமெரிக்காவுல ஒரு கதை இருக்கு. 2008-ல சான் பிரான்சிஸ்கோ நகராட்சி. ஊர் பூரா ஓடுத நெட்வொர்க்கோட பாஸ்வேர்டு டெர்ரி சைல்ட்ஸ்ங்கிற ஒரே இன்ஜினியர் தலைக்குள்ள. அதிகாரிமாரு கேட்டாவ, தரமாட்டேன்னுட்டாரு. ஜெயில்ல போட்டாவ, ஜாமீன் 50 லட்சம் டாலர். அப்பவும் வாயைத் தெறக்கல. கடைசியில மேயர் கவின் நியூசம் ஜெயிலுக்கே போயிக் கேட்ட பொறவுதான் அவரு கையில குடுத்தாரு. அந்த நாளெல்லாம் நெட்வொர்க் ஒரு கோளாறும் இல்லாம ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு, அதுதான் விசேஷம். 2010-ல நாலு வருஷம் தண்டனை குடுத்தாவ. எனக்கு அந்த மனுசன் மேல ஒரு பாசம். சாவி தூக்குனவன் அருமை சாவி தூக்குனவனுக்குத்தான் தெரியும்.

உங்க ஆஸ்பத்திரியில அந்த டெர்ரி யாரு? சிரிக்காதலே. நீதானே?

சரி, மாட்டைப் பாப்போம். முதக் கட்டத்துல சைபர்ஆர்க்கு. 1999-ல இஸ்ரேல்ல பொறந்தது, இந்தத் தொழில்ல பெரிய வீட்டு ஆளு. 2025-ல பாலோ ஆல்ட்டோ நெட்வொர்க்ஸ் சுமார் 2,500 கோடி டாலருக்கு வாங்குதோம்னு அறிவிச்சாவ. சாவி இருக்க பெட்டகத்தைத் தனிச் சர்வர்ல, வேற எதுவும் அண்டாதபடி ஒதுக்கி வைப்பாவ. நல்ல ஏற்பாடு. ஆனா உன் இடத்துலயே வச்சு ஓட்டணும்னா பெட்டகத்துக்கு ஒண்ணு, வாசலுக்கு ஒண்ணு, பாஸ்வேர்டு மாத்த ஒண்ணு, செஷன் பாக்க ஒண்ணுன்னு சர்வர் கேக்கும், மேய்க்க ஆளும் கேக்கும். காங்கேயம் காளை வாங்குதவன் வீட்டுல பருத்திக்கொட்டை இருக்கணும். உங்க 9 அட்மின்ல எவனுக்கு இதுக்கு நேரம் இருக்கு?

அடுத்தது பியாண்ட்டிரஸ்ட். இது கல்யாணக் கதை. 2018-ல பொம்கார்ங்கிற கம்பெனி பியாண்ட்டிரஸ்டை வாங்கிச்சு, வாங்குனவன் தன் பேரை விட்டுட்டு வாங்கப்பட்டவன் பேரை வச்சுக்கிட்டான். மாப்பிள்ளை பொண்ணோட இனிஷியலை எடுத்துக்கிட்டாப்பல. தூரத்துல இருந்து வந்து ரிப்பேர் பாக்கவனை உள்ள விடுததுல கெட்டிக்காரங்க. அங்ஙனதான் அடியும் விழுந்துச்சு. 2024 டிசம்பர்ல அவிய தூரச் சேவைக்கான சாவி ஒண்ணை எவனோ எடுத்து, அதை வச்சு அமெரிக்க கருவூலத் துறை கம்ப்யூட்டருக்குள்ளேயே பூந்துட்டான். சீன அரசாங்க ஆதரவுள்ள கூட்டம்னு கருவூலமே சொல்லிச்சு. பூட்டுக் கடைக்காரன் மடியில இருந்த சாவியை உருவிக் கஜானாவைத் தெறந்த மாதிரி. இதுக்காக அவிய பக்கமே போகாதன்னு நான் சொல்லல. "அன்னைக்குப் பொறவு என்னத்த மாத்துனீய?"ன்னு சரக்கு விக்க வார டை கட்டுன பையன்ட்ட கேளு. மூஞ்சியைப் பாரு. பதில் மூஞ்சியிலதான் இருக்கும்.

டெலினியா 2021-ல தைகோட்டிக்கும் சென்ட்ரிஃபையும் ஒண்ணாக் கட்டி, மறு வருஷம் புதுப் பேரு வச்சது. சீக்ரெட் சர்வர்ங்கிற அவிய சரக்கைச் சட்டுன்னு நிறுத்தி ஓடவச்சுரலாம்னு பேரு. மும்பை ஆர்கானும் பிரான்ஸ் வாலிக்ஸும் இருக்கட்டும், ரெண்டும் குறைச்சல் இல்ல, கேட்டுப் பாரு.

இந்த ஹாஷிகார்ப் வால்ட்டை இங்ஙன யாருலே கட்டுனா? அது மனுசன் கையில குடுக்க சாவிக்கு வந்ததில்ல. ஒரு புரோகிராம் இன்னொரு புரோகிராம்ட்ட பேச வேண்டிய ரகசியத்தை வச்சுக் குடுக்கது அது. உழவு மாட்டையும் பால் மாட்டையும் ஒரே கொட்டில்ல கட்டி "எது கூடப் பால் குடுக்கும்"னு கேட்டா உழவு மாடு உன்னை என்ன நினைக்கும்?

பொறவு நம்ம வீட்டுப் பிள்ளை. 2011-ல தென்காசிப் பக்கம் ஆபீஸ் போட்டு இன்னைக்கு மத்தளம்பாறையில பெருசா நிக்காவளே சோஹோ, அவிய மேனேஜ்இன்ஜின் பாம்360. அட்மின் தலைக்கு இம்புட்டுன்னு கணக்கு, பெரிய வீட்டு ஆளுகளோட பாத்தா கைக்கு அடக்கம். போன் போட்டா தமிழ்ல திட்டலாம், அதுக்கே பாதி காசு குடுக்கலாம். ஆனா நம்மூருன்னு மூடி வைக்கப்படாது. 2022-ல இதுலயும் ஒரு பெரிய ஓட்டை. உள்ள பூந்து என்ன வேணாலும் ஓட்டலாங்கிற ஓட்டை. பேட்ச் குடுத்துட்டாவ. குடுத்து மூணு மாசம் கழிச்சு, இதை வச்சுத் திருட்டு நடக்குன்னு அமெரிக்காவோட சைபர் பாதுகாப்பு அமைப்பு சிசா தன் பட்டியல்ல ஏத்துச்சு. பேட்ச் போடாதவன் வீட்டுலதான் கை வைக்கான். உங்க ஆஸ்பத்திரியில பேட்ச் எப்ப போடுவிய? "டவுன்டைம் கெடைக்கும்போது". அது எப்ப கெடைக்கும்? உங்க எம்.டி.க்குப் பேரன் பொறக்கும்போது.

கம்பெனியளைத் தரம் பிரிச்சுக் கட்டத்துல போடுதாவளே, அந்தக் கார்ட்னர் படத்தை வச்சு எனக்கு வெளங்க வைக்காத. ஜோசியனுக்கே பன்னெண்டு கட்டம் வேண்டியிருக்கு, இவிய நாலே கட்டத்துல உலகத்தை அடக்கிட்டாவ. 2018-ல இருந்து சாவிப்பெட்டிக்கும் ஜாதகம் எழுதுதாவ. வலது மேல் மூலையில இருக்கவன் யோகக்காரன்தான். ஆனா அது அவன் யோகம், உன் வீட்டுல வந்து பலிக்கணும்னு எங்ஙன எழுதியிருக்கு?

விலைக்கு வா. தாவணியில துண்டைப் போட்டு, துண்டுக்கடியில விரலைப் பிடிச்சு விலை பேசுவாவ, பாத்திருக்கியா? பக்கத்துல நிக்கவனுக்குத் தெரியாது. இந்தக் கொட்டேஷனும் அப்பிடித்தான். பட்டியல் விலை ஊருக்கு, விரல் விலை உனக்கு. மார்ச் கடைசி வாரம் விரல் இன்னும் மடங்கும். ஆனா நீ பாக்க வேண்டியது விரலை இல்ல, எதை எண்ணுதான்னு பாரு. ஒருத்தன் ஆளை எண்ணுதான், ஒருத்தன் சர்வர், ஸ்விட்ச், ஃபயர்வால்னு மெஷினை எண்ணுதான். உனக்கு 9 தலை, 140 மெஷின். ஆளை எண்ணுதவன் உனக்கு லாபம்னு துள்ளாத. வெளியில இருந்து வார ஸ்கேன் இன்ஜினியரு, ஏ.சி. கம்பெனிக்காரன், பில்லிங் சாஃப்ட்வேர் பையன் இவியளையும் தலையாத்தான் எண்ணுவான். அதைக் கேட்டியா? கேக்கல. மாட்டு விலையைப் பேசிட்டு மூக்கணாங்கயிறு, மணி, வண்டிக்கூலி எல்லாம் யாரு தலையிலன்னு கேக்காம வந்திருக்க. நிறுவித் தார கூலி தனி, பேக்கப்புக்கு ரெண்டாவது பெட்டி தனி, மூணாவது வருஷம் ரென்யூவல்ல துண்டே இல்லாமக் கையை முறுக்குவான்.

அந்த ஏ.சி.க்காரனைச் சாதாரணமா நினைக்காத. 2013-ல அமெரிக்காவுல டார்கெட்ங்கிற கடையில சுமார் 4 கோடிப் பேரு கார்டு விவரம் போச்சு. திருடன் வந்த வழி, குளிர்சாதன வேலை பாத்த காண்ட்ராக்டரோட லாகின். உங்க எம்.ஆர்.ஐ. மெஷினுக்குள்ள கம்பெனிக்காரன் எப்பிடி வாரான்? எனிடெஸ்க்லயா? பாஸ்வேர்டு? மெஷின் மேலயே ஸ்டிக்கர்ல ஒட்டியிருக்கா? நல்லது. சாமிக்குப் பக்கத்துலயே உண்டியல் சாவியையும் தொங்க விட்டிருக்கிய, பக்தன் எங்கயும் தேடப்படாது பாரு.

இப்ப ஒரு கணக்கு கேக்கேன், எழுந்திரிக்காமச் சொல்லு. 9 அட்மின்ல டொமைன் அட்மின் எத்தனை பேரு? ஒன்பதும். தேரோட்டத்துக்கு வடம் பிடிக்க ஆயிரம் பேரு வேணும், சரி. தேர் நிலைக்கு வந்தபொறவும் வடத்தை விடாம நிப்பானாலே? இவிய ஒன்பது பேரும் வருஷம் பூரா வடத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கான். வேலை இருக்க நேரத்துக்கு மட்டும் உரிமை, முடிஞ்சதும் தானாப் பிடுங்கிக்கிடும்னு இந்தப் பெட்டிகள்ல வசதி இருக்குல்லா, அதுதான் எனக்குப் பிடிச்ச வரி. உன் பட்டியல்ல அது 47-வது. அதுக்கு மேல 46-வது என்ன? "லோகோவை மாற்றிக்கொள்ளும் வசதி". வெளங்கும்.

இன்னொண்ணு. வார்டு, பார்மசி, ரிசப்ஷன்னு இருக்க 300 கம்ப்யூட்டருக்கும் உள்ளூர் அட்மின் பாஸ்வேர்டு ஒண்ணேதானே? ஆஸ்பத்திரி பேரும் @123-மா? நான் எப்பிடிக் கண்டுபிடிச்சேனா? எல்லாரும் அதான் வைப்பாவ. ஒவ்வொரு மெஷினுக்கும் தனிப் பாஸ்வேர்டு போட்டுத் தானே மாத்துத லாப்ஸ்னு ஒண்ணை மைக்ரோசாஃப்ட் 2023-ல இருந்து விண்டோஸுக்குள்ளயே வச்சிருக்காவ. தனிக் காசு இல்ல. அதைப் போட்டியா? போடல. இலவசத்துல கமிஷன் இல்லாததால எந்தத் தரகனும் உனக்குச் சொல்லல.

பாஸ்வேர்டை மாத்துததுல ஒரு சூட்சுமம் இருக்கு. நம்ம ஊர் மேல்நிலைத் தொட்டி மோட்டார் ரூமுக்குப் பஞ்சாயத்துல புதுப் பூட்டுப் போட்டாவ, திருட்டு பயம்னு. சாவியைத் தலைவரு கொண்டுபோயிட்டாரு, மோட்டார் போடுத ஆள்ட்ட சொல்லவே இல்ல. பூட்டு பிரமாதம். ரெண்டு நாள் ஊருக்குத் தண்ணி இல்ல. உங்க லேப்ல இருந்து ரத்தப் பரிசோதனை முடிவு டாக்டர் ஸ்க்ரீனுக்கு வருதே, அது எந்த அக்கவுண்ட்ல ஓடுது? யாரு போட்டது? எட்டு வருஷத்துக்கு முந்தி வேலையை விட்டுப் போனவன் பேர்லயா! புதுப் பெட்டி வந்த அன்னைக்கு ராத்திரி அது கடமை தவறாம அந்தப் பாஸ்வேர்டை மாத்தும். காலையில ஒரு ரிப்போர்ட்டும் வராது. பெட்டி மேல பழியைப் போட்டு, "அந்த வசதியை ஆஃப் பண்ணு"ன்னு எம்.டி. கத்துவாரு. நீ ஆஃப் பண்ணுவ. பாதி எடத்துல பல லட்ச ரூபாய்ப் பெட்டி அப்பிடித்தான் வெறும் நோட்டுப் புத்தகமா உக்காந்திருக்கு.

ஆகையினால டெமோ பாக்காத. தரகன் நடத்திக் காட்டுத எல்லா மாடும் அன்னநடைதான் போடும். உன் வண்டியில பூட்டு, மணல்ல இறக்கு. ஆஸ்பத்திரியில ரொம்பக் கேவலமான சர்வர் எது? அந்த லேப்ல இருக்க பழைய விண்டோஸ் 2008-ஆ? அதைக் குடு, "இதுல ஓட்டிக் காட்டு"ன்னு சொல்லு. அட்மின்ல ரொம்பச் சோம்பேறி எவன்? அவனைப் பிடிச்சு உக்கார வை. பழைய வழியில ஒரு நிமிஷத்துல நொழையுதவன் பெட்டி வழியா மூணு நிமிஷம் ஆகுதுன்னா, நாலாம் நாள் பொறவாசல் ஒண்ணு வெட்டிருப்பான். என் காசாளரு கெட்டவரா? நாலு மைலு, அம்புட்டுத்தான்.

வீடியோப் பதிவு, வீடியோப் பதிவுன்னு பெருமையாச் சொல்லுத. சரி, யாரு பாப்பா? 9 பேரு எட்டு மணி நேரம் கறுப்புத் திரையில தட்டுததை உக்காந்து பாக்க உங்க அத்தையைத்தான் அனுப்பணும், அவ சீரியலை விட்டுட்டு வரமாட்டா. ஆனாலும் வேணும். கொல்லையில நிக்க வைக்கோல் பொம்மை குருவியைப் பிடிக்கதில்ல, இருந்தாலும் நிக்கட்டும்னுதானே நட்டு வைக்கோம். ஏதாச்சும் நடந்தா ஆறு மணி நேரத்துக்குள்ள சொல்லணும், 180 நாள் பதிவு வச்சிருக்கணும்னு 2022 ஏப்ரல்ல நம்ம அரசாங்கத்துச் செர்ட்-இன் அமைப்பு போட்ட உத்தரவே இருக்கு. டெல்லி எய்ம்ஸ்ல அந்த வருஷம் நவம்பர்ல சர்வர் முடங்கி, எல்லாத்தையும் கையால எழுதிக்கிட்டுத் திரிஞ்சாவளே, மறந்துட்டியா?

பெட்டியே படுத்துட்டா? அதைக் கேட்டியா அந்த டை கட்டுனவன்ட்ட? பூரி ஜெகந்நாதர் கோயில் ரத்தின பண்டாரத்துச் சாவி காணோம்னு 2018-ல தெரிஞ்சு ஊரே அல்லோலப்பட்டுச்சு. 2024 ஜூலையில தெறக்கப் போகையில கையில இருந்த சாவி உள் அறைப் பூட்டுல சேரல. பூட்டை உடைச்சுத்தான் உள்ள போனாவ. சாமிக்கே அந்த கதி. பெட்டி படுத்த அன்னைக்கு எடுக்க ஒரு பாஸ்வேர்டை எழுதி, அரக்கு வச்சு, கவர்ல போட்டு, உன்ட்ட இல்லாம மேட்ரன் அம்மாட்ட குடுத்து வை. மூணு மாசத்துக்கு ஒருக்கப் பிரிச்சுச் சேருதான்னு பாத்துட்டுப் புதுசு வை. இதுக்கு எவனும் லைசென்ஸ் கேக்கமாட்டான்.

நான் சொன்னதுல மிச்சம் எல்லாம் மறந்தாலும் ஊபர் கதையை மறக்காத. 2022 செப்டம்பர். வெளியாள் ஒருத்தன் பாஸ்வேர்டு சகிதம் வந்துட்டான், போன்ல "நீதானா?"ன்னு கேட்டு ஒப்புதல் வாங்கணும், அதுதான் பாக்கி. கேட்டுக்கிட்டே இருந்தான். விடாம. அந்தப் பக்கம் வேலைபாத்த ஆளு சலிச்சுப்போயி ஒருதடவை அமுக்கிட்டாரு. உள்ள வந்தவன், பொதுக் கோப்புறையில கெடந்த ஒரு ஸ்கிரிப்டுக்குள்ள சாவிப்பெட்டியோட அட்மின் பாஸ்வேர்டே எழுதியிருந்துச்சு, அதை எடுத்துட்டேன்னு அவனே சொல்லிக்கிட்டான். பெட்டி என்னமோ பேர்பெற்ற பெட்டிதான், இந்தா உன் பட்டியல்ல மூணாவதா நிக்கே டெலினியா, அதோட பழைய பேர்ல வந்தது. பெட்டிக்குச் சாவி மாடத்துல கெடந்துச்சு.

உன் பெட்டிக்குச் சாவி எங்ஙன இருக்கும்? பெட்டி வாங்கும் முன்னமே சொல்லு. லேப்டாப்ல நோட்பேட்லயா? என்ன பேர்ல? "புதுசு கடைசி 2"-வா! சபாஷ்.

இந்தா, போன் திரும்ப அதிருது. எவனோ மூணாவது தடவையாக் கேக்கான் போல. முதத் தடவை நீ முறுக்கை மென்னுக்கிட்டே பாக்காம அமுக்குனதை நான் பாத்தேன். ரெண்டாவது தடவை பூரிக் கதையில. பேசாம இருந்தேன், மருமவன்ங்கிற மரியாதைக்கு. இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. உங்க ஆபீஸ்ல இப்ப யாரு வேலை பாக்கா? தெரியாதா?

முறுக்கைத் தட்டுல வை. கண்ணாடியை மாட்டு. யாரு, எதுக்குக் கேக்கான்னு சத்தமா வாசி, உங்க அத்தைக்கும் கேக்கட்டும்.